வெற்றியும் நியாயமும்

நுழையும்முன்

போர்களை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் வெற்றி, தோல்வி என்னும் இரண்டு சொற்களில் முடித்துவிடுகின்றன. 'அந்தப் போரைத் தொடங்கியிருக்க வேண்டுமா?' என்னும் மூன்றாவது வினா பல வேளைகளில் கேட்கப்படாமலே போகிறது. 1767ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் நடந்த போரை எடுத்துக்கொண்டு, ஓர் அரசு போர் தொடுத்தது நியாயமா என்பதை இருபுறமும் நின்று ஆராய்கிறது இப்பாடம்.

கோயில் நகரும் போர்க்களமும்

கார்த்திகைத் தீபத்தாலும் முழுநிலவு நாளின் கிரிவலத்தாலும் புகழ்பெற்ற நகர் திருவண்ணாமலை. பதினொரு நிலைகளுடன் 217 அடி உயர்ந்து நிற்கும் கோயிலின் கிழக்குக் கோபுரம், கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பட்டுத் தஞ்சை நாயக்கர் காலத்தில் நிறைவுற்றது. பக்தர்கள் அதனை அண்ணாந்து பார்த்து வணங்குகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் படைத்தலைவர்கள் அந்நகரை வேறொரு கண்கொண்டு பார்த்தனர்.

இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகாலிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழிகளுள் ஒன்று செங்கம் கணவாய். அவ்வழியைக் காக்கும் இடத்தில் திருவண்ணாமலை அமைந்திருந்தது. எனவே கோயிலின் உயர்ந்த மதில் கோட்டை மதிலாகவும் பயன்பட்டது. 1753க்கும் 1791க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நகர் பலமுறை தாக்கப்பட்டு, நவாபின் படை, பிரெஞ்சுப் படை, ஆங்கிலேயப் படை, மைசூர்ப் படை எனக் கைமாறிக்கொண்டே இருந்தது. தேர் ஓடிய வீதிகளில் பீரங்கி வண்டிகள் உருண்ட காலம் அது.

போர் மூண்ட வரலாறு

அக்காலத்தில் தென்னிந்தியாவில் நான்கு ஆற்றல்கள் ஒன்றையொன்று கண்காணித்து நின்றன. அவை மைசூரை ஆண்ட ஹைதர் அலி, ஐதராபாத் நிஜாம், மராத்தியர், ஆற்காட்டு நவாப் முகமது அலியைத் துணைக்கொண்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி என்பன.

1766ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையிலிருந்த கம்பெனி அரசு நிஜாமுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி வடசர்க்கார் என்னும் கடற்கரைப் பகுதிகள் கம்பெனிக்கு உரியவையாயின. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் நிஜாமுக்குப் பணம் தரவும், தேவைப்படும்போது படை அனுப்பி உதவவும் கம்பெனி இசைந்தது. அந்தப் படை யாருக்கு எதிராக, எந்தக் காரணத்துக்காகப் பயன்படும் என்பதற்கு உடன்படிக்கையில் உறுதியான வரையறை இல்லை. பின்னர் வந்த இடர்கள் பலவற்றுக்கும் இதுவே தோற்றுவாய் ஆயிற்று.

1767ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மராத்தியர் மைசூருக்குள் புகுந்தனர். ஹைதர் பெரும்பணம் கொடுத்து அவர்களைத் திருப்பியனுப்பினார். அடுத்து நிஜாம் மைசூரை நோக்கிப் புறப்பட்டார். கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கம்பெனியின் படையும் உடன் சென்றது. பாராமகாலில் புகுந்த கம்பெனிப் படை வாணியம்பாடி, காவேரிப்பட்டினம் முதலிய இடங்களைக் கைப்பற்றியது. கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடிக்க அதனால் இயலவில்லை.

இந்நிலையில் ஹைதர் நிஜாமுடன் மறைவாகப் பேசி, அவரைத் தம் பக்கம் ஈர்த்துக்கொண்டார். எந்த உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காகக் கம்பெனி களமிறங்கியதோ, அந்த உடன்படிக்கையின் மறுதரப்பே இப்போது எதிரணியில் நின்றது. ஆகஸ்டு மாத இறுதியில் ஹைதர், நிஜாம் ஆகிய இருவரின் கூட்டுப்படை காவேரிப்பட்டினத்தைத் தாக்கி மீட்டது.

செங்கமும் திருவண்ணாமலையும்

ஸ்மித்தின் படையில் சற்றேறக்குறைய ஏழாயிரம் பேர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். கூட்டுப்படையின் எண்ணிக்கை ஏறத்தாழ எழுபதாயிரம் என்று ஆங்கிலேயக் குறிப்புகள் கூறுகின்றன. 1767 செப்டம்பர் 3ஆம் நாள் செங்கத்தில் இரு படைகளும் மோதின. கூட்டுப்படையின் தாக்குதலை ஸ்மித் முறியடித்தார். ஆயினும் உணவின்றி அங்கு நிற்க முடியாமல் திருவண்ணாமலை நோக்கி நகர்ந்தார். அங்கு எதிர்பார்த்த அளவு உணவுப்பொருள் கிடைக்கவில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து கர்னல் வுட் தலைமையில் வந்த படை அவருடன் சேர்ந்துகொண்டது.

செப்டம்பர் 26ஆம் நாள் திருவண்ணாமலையில் பெரும்போர் நிகழ்ந்தது. ஆங்கிலேயப் படை ஒரு குன்றைச் சுற்றி நகர்ந்ததை ஹைதர் பின்வாங்கல் என்று கருதினார். அதனைத் தொடர்ந்து பிடிக்க விரைந்த மைசூர்ப் படை எதிர்பாராமல் நேருக்கு நேர் மோத நேர்ந்தது. கூட்டுப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் 64 பீரங்கிகளையும் இழந்தது என்பது ஆங்கிலேயர் தரும் கணக்கு. ஏறத்தாழ அதே நாள்களில் ஹைதரின் பதின்பருவ மகன் திப்பு, குதிரைப்படையுடன் சென்னைப் புறநகர் வரை வந்து அச்சுறுத்தினார்.

களத்தில் வென்றது கம்பெனி. 1768 பிப்ரவரியில் நிஜாம் மீண்டும் அணி மாறிக் கம்பெனியுடன் சமாதானம் செய்துகொண்டார். ஹைதரோ தனித்து நின்று போரைத் தொடர்ந்தார். 1769 மார்ச்சில், கம்பெனியின் முதன்மைப் படையைத் தொலைவில் விட்டுவிட்டு, விரைந்து செல்லும் குதிரைப்படையுடன் சென்னையின் வாயிலுக்கே வந்து நின்றார். வேறு வழியின்றி ஏப்ரலில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பெரும்பாலும் அவரவர் கைப்பற்றிய இடங்களைத் திருப்பித் தருவதென்றும், பிறர் தாக்கினால் ஒருவருக்கொருவர் துணைநிற்பதென்றும் இருதரப்பும் ஒப்புக்கொண்டன. இரண்டு ஆண்டுகள் இரத்தம் சிந்திய பின்னர், எல்லைகள் ஏறக்குறையத் தொடங்கிய இடத்துக்கே திரும்பின.

தெரிந்து தெளிவோம்

செங்கம் என்னும் ஊர் சங்க இலக்கியத்தில் செங்கண்மா என வழங்கப்படுகிறது. அதனை ஆண்ட நன்னன்சேய் நன்னன், பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவன். 583 அடிகளைக் கொண்ட இந்நூலைப் பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் இந்நூல், அம்மலைவழியின் வளத்தையும் இடர்களையும் விரிவாகச் சொல்கிறது. கூத்தர் நடந்த அந்நிலப்பகுதியிலேயே பிற்காலத்தில் படைகள் நடந்தன.

போர் நியாயமே என்போர்

கம்பெனி அரசின் முடிவை ஆதரிப்போர் மூன்று காரணங்களை முன்வைப்பர்.

முதலாவது, கொடுத்த வாக்கு. நிஜாமிடமிருந்து வடசர்க்காரைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடான படையுதவியை மறுப்பது நம்பிக்கைத் துரோகமாகும். வாக்குத் தவறும் அரசுடன் எவரும் உறவுகொள்ளமாட்டார்.

இரண்டாவது, வளர்ந்துவரும் ஆபத்து. ஹைதர் 1761இல் மைசூரின் முழு அதிகாரத்தைக் கைக்கொண்டார். 1763இல் பெத்னூரையும் 1766இல் மலபாரையும் வென்றார். பிரெஞ்சுக்காரரோடு அவர்க்குத் தொடர்பு இருந்தது. நவாபோடு பகைத்த அவருடைய தமையனார் மாஃபுஸ் கானுக்கு ஹைதரின் பாசறையில் இடம் கிடைத்தது. இத்தகைய ஆற்றல் தன் வாயிலை அடையும்வரை ஓர் அரசு காத்திருக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்பர்.

மூன்றாவது, குடிகளின் பாதுகாப்பு. ஆற்காட்டுச் சமவெளியின் மக்களைக் காக்கும் பொறுப்பு நவாபுக்கும் அவரைத் தாங்கி நின்ற கம்பெனிக்கும் இருந்தது. ஹைதரின் குதிரைப்படை பின்னர்ச் சென்னை வரை வந்தது ஒன்றே, முன்பிருந்த அச்சம் வீணானதன்று என்பதைக் காட்டும் என்பது அவர்தம் வாதம்.

இவை புறந்தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. குடிகளைக் காக்க வேண்டிய எந்த அரசும் எதிரியின் வலிமையைக் கணக்கிடாமல் இருக்க முடியாது.

போர் நியாயமன்று என்போர்

மறுதரப்பினர் நிகழ்ச்சிகளின் வரிசையைச் சுட்டிக்காட்டுவர். 1767இல் கம்பெனியின் படை பாராமகாலில் புகுந்தபோது, ஹைதரின் படை ஆற்காட்டின் மீது பாய்ந்திருக்கவில்லை. காவேரிப்பட்டினத்தின் மீது நிகழ்ந்த தாக்குதல் அந்த நுழைவுக்குப் பின்னர் வந்தது. நேரக்கூடும் என்று அஞ்சிய தீங்கைத் தடுக்கப் போன கம்பெனி, அத்தீங்கைத் தானே வரவழைத்துக்கொண்டது. ஹைதர் சென்னைக்கு வந்தது போருக்குக் காரணமன்று. அது போரின் விளைவு. விளைவைக் காரணமாகக் காட்டுவது வாதக் குற்றமாகும்.

வாக்கைக் காத்தல் என்னும் காரணமும் ஆராயத்தக்கது. யாருக்கு எதிராக என்று வரையறுக்காமல் படை தருவதாக வாக்களிப்பது, பிறருடைய சினத்துக்குத் தன் வாளை வாடகைக்கு விடுவதாகும். அவ்வாறு வாக்குப் பெற்ற நிஜாமே சில திங்களில் அணி மாறினார். இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களும் சென்னை அரசின் இந்தப் போக்கைக் கண்டித்தனர். 1769இல் ஹைதர் பெற்ற வெற்றிகளின் செய்தி எட்டியதும் இலண்டனில் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. வணிகத்துக்காக வந்த நிறுவனம் போரில் இறங்கியதன் விலையை அந்நாட்டுப் பங்குதாரரும் உணர்ந்தனர்.

பங்குதாரர் இழந்தது பணம். தமிழகத்து உழவர் இழந்ததோ விளைச்சலையும் கால்நடையையும் உயிரையும். போர்களின் செலவு பெருமளவில் நவாபின் கணக்கில் ஏற்றப்பட்டது. நவாப் கம்பெனி அலுவலர்களிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாகச் சீமைகளின் நிலவரி வருவாயை ஒதுக்கித் தந்தார். வட்டி ஏற ஏற வரியின் அழுத்தமும் ஏறியது. போரை முடிவுசெய்த மன்றத்தில் உழவருக்கு இடமில்லை. அதன் செலவைக் கட்டும் இடத்தில் அவரே நின்றார்.

ஹைதரின் பக்கம்

ஓர் அரசின் போரை நியாயமன்று எனக் கூறினால், எதிர்த்துப் போரிட்டவரின் செயல்கள் அனைத்தும் நியாயமாகிவிடா. தம் எல்லைக்குள் புகுந்த படையை எதிர்க்க ஹைதருக்கு உரிமை இருந்தது. படைமோதலைத் தவிர்க்கப் பணமும் தூதும் கொண்டு முயன்றமையும் அவர்க்குச் சார்பான செய்தியே. ஆயினும் அவருடைய குதிரைப்படை ஆற்காட்டுச் சமவெளியின் ஊர்களைக் கொள்ளையிட்டது. பகைவனின் வருவாயை அழிக்கும் போர்முறை என்று இதற்கு விளக்கம் தரலாம். ஆனால் அவ்வூரின் உழவர் ஹைதருக்கு எந்தத் தீங்கும் செய்யாதவர். போர் தொடுத்தது நியாயமா என்பது ஒரு வினா. போரை நடத்திய முறை நியாயமா என்பது மற்றொரு வினா. முதல் வினாவில் தேறியவர் இரண்டாம் வினாவில் தவறலாம்.

தமிழ் மரபு காட்டும் அளவுகோல்கள்

தொல்காப்பியப் புறத்திணையியல் போரொழுக்கத்தை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழு திணைகளாக வகுக்கிறது. மண்ணாசையால் மேற்செல்வதை வஞ்சி என்றும், வலிமையை நிலைநாட்டப் பொருவதைத் தும்பை என்றும் வேறுபடுத்தியதால், போருக்கான காரணங்கள் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை அந்நூல் உணர்ந்திருந்தது புலனாகிறது. வெற்றியைப் பாடும் வாகையை அடுத்து நிலையாமையைப் பாடும் காஞ்சி வைக்கப்பட்டிருப்பதும் எண்ணத்தக்கது.

சங்கப் பாடல்கள் போரை வெறுத்தே பேசின என்று கூறுவது உண்மையாகாது. பகைவர் நாட்டை எரியூட்டிய வேந்தரைப் புகழ்ந்த பாடல்களும் உள. அதே தொகுப்பில் வேந்தர் முன் நின்று போரைத் தடுத்த புலவர்களையும் காணலாம். சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, இருவரும் ஒரே குடியினர் என்பதை எடுத்துக்காட்டிப் போரை விடுமாறு வேண்டினார் கோவூர்கிழார். மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் முனைந்தபோதும் அவரே குறுக்கே நின்றார். மலையமானின் தலைநகராகிய திருக்கோவலூர் திருவண்ணாமலைக்கு அருகில் உள்ளது. முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், போர் தொடங்குமுன் பசுக்கள், பெண்கள், நோயாளிகள் முதலியோர் பாதுகாப்பான இடத்தை அடையுமாறு அறிவிப்பதை அறமாகப் போற்றினார்.

இவற்றிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம். காரணம் எத்தகையது? போரைத் தவிர்க்கும் சொல்லுக்கு இடம் தரப்பட்டதா? போரிடாதவர் காக்கப்பட்டனரா? 1767ஆம் ஆண்டுப் போரை இவற்றில் வைத்து நிறுத்தால், வென்றவரும் தோற்றவரும் தலைகுனிய நேரும்.

போரை அறிவிக்கும் உரிமை யாருக்கு?

நான்காவதாக ஓர் அளவுகோலை இக்காலம் சேர்த்துள்ளது. போர் தொடுக்கும் முடிவை எடுக்க உரியவர் யார் என்பதே அது. சென்னைக் கோட்டையில் கூடிய சிலர் எடுத்த முடிவு, பல இலட்சம் மக்களின் வாழ்வைத் தீர்மானித்தது. இந்நிலையைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் விரைவில் தொடங்கின. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1773இல் இயற்றிய ஒழுங்குமுறைச் சட்டம், உடனடி நெருக்கடி முதலிய சில சூழல்கள் நீங்கலாக, வங்காளத்துத் தலைமை ஆளுநர் குழுவின் இசைவின்றிச் சென்னை அரசு போர் தொடுக்கலாகாது என்றது. 1784ஆம் ஆண்டின் பிட் இந்தியச் சட்டம், நிலத்தை வென்று ஆட்சியை விரிக்கும் திட்டங்கள் தன் நாட்டின் விருப்பத்துக்கும் மதிப்புக்கும் மாறானவை என்றே அறிவித்தது.

சட்டம் எழுதப்பட்ட பின்னும் போர்கள் நிற்கவில்லை. 1770இல் மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது, சென்னை உடன்படிக்கையின்படி உதவ வேண்டிய கம்பெனி உதவவில்லை. அந்த மனக்கசப்பு 1780இல் மூண்ட இரண்டாம் மைசூர்ப் போருக்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. நிஜாமுக்குத் தந்த வாக்கைக் காக்கவே போர் என்றவர்கள், ஹைதருக்குத் தந்த வாக்கைக் காக்கத் தவறினர். 'வாக்கு' என்னும் காரணத்தின் உண்மை எடை இங்கு வெளிப்படுகிறது.

1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம், நாடுகள் தம் உறவுகளில் படைவலிமையைப் பயன்படுத்துவதைத் தடைசெய்து, தாக்குதலுக்கு உள்ளான நாட்டின் தற்காப்புரிமையை ஏற்றுக்கொண்டது. இந்திய அரசமைப்பின் 51ஆம் உறுப்பு, பன்னாட்டு அமைதியை வளர்க்கவும் பூசல்களை நடுவர் தீர்ப்பால் தீர்ப்பதை ஊக்குவிக்கவும் அரசு முயல வேண்டும் என்கிறது.

நடுகல் எழாத களம்

செங்கம் வட்டாரம் நடுகற்களால் பெயர்பெற்றது. ஆநிரை கவரும் பூசலிலும் மீட்கும் பூசலிலும் உயிர்நீத்த வீரர்களின் பெயர்களை அக்கற்கள் காத்து நிற்கின்றன. எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலத்து நடுகல் ஒன்று கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன், கள்வரைக் கடித்துத் தன் கடமையாற்றிய கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்துள்ளது.

ஒரு நாயின் தொண்டையும் மறவாத அந்த மண்ணில்தான் 1767இல் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தளபதிகளின் பெயர்கள் நூல்களில் உள. பீரங்கிகளின் எண்ணிக்கையும் உண்டு. மாண்ட சிப்பாய்களுக்கும் எரிந்த ஊர்களின் உழவருக்கும் அவ்வாறு பெயர்ப்பட்டியல் இல்லை. அவர்களுள் பெரும்பாலோர், எதற்காக அந்தப் போர் என்று கேட்கும் வாய்ப்பையே பெறாதவர்.

போர் நியாயமா என்னும் விவாதம் அவர்கள் சார்பில் கேட்கப்படும் வினாவாகும். அதனைப் போர் முடிந்தபின் வரலாற்று மாணவர் கேட்பது நன்று. போர் தொடங்குமுன் குடிமக்கள் கேட்பது அதனினும் நன்று. திருவண்ணாமலைக் களத்தின் வெற்றி, போரில் வல்லவர் யார் என்பதை உலகுக்கு அறிவித்தது. நியாயம் யார் பக்கம் என்பதை அது அறிவிக்கவில்லை; எந்தக் களமும் அறிவிப்பதில்லை.

கற்பவை கற்றபின்

1. 'முதல் மைசூர்ப் போரில் சென்னைக் கம்பெனி அரசு இறங்கியது நியாயமே' என்னும் தலைப்பில் வகுப்பை இரு அணிகளாகப் பிரித்துச் சொற்போர் நிகழ்த்துக. பாதி நேரத்தில் அணிகள் இடம் மாறி, எதிர்த்தரப்பை ஆதரித்துப் பேசுக.

2. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நடுகல், கோட்டை, போர்க்களம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டு, அதன் வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. திருவண்ணாமலைப் போர் நிகழ்ந்த நாள்
அ) 1767 செப்டம்பர் 3
ஆ) 1767 செப்டம்பர் 26
இ) 1768 பிப்ரவரி 23
ஈ) 1780 செப்டம்பர் 10

2. மண்ணாசையால் பகைவர்மேற் செல்வதைக் குறிக்கும் திணை
அ) வெட்சி
ஆ) உழிஞை
இ) வஞ்சி
ஈ) காஞ்சி

குறுவினா

1. திருவண்ணாமலை படைத்தலைவர்களின் கவனத்தை ஈர்த்தமைக்குக் காரணம் யாது?

2. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் குறைபாடாக இப்பாடம் சுட்டுவது யாது?

சிறுவினா

1. 'விளைவைக் காரணமாகக் காட்டுவது வாதக் குற்றமாகும்' – இடஞ்சுட்டி விளக்குக.

2. போர் தொடுத்ததன் நியாயமும் போரை நடத்திய முறையின் நியாயமும் வேறுபடுமாற்றை ஹைதர் அலியின் செயல்கள்வழி விளக்குக.

நெடுவினா

1. ஓர் அரசு போர் தொடுத்தது நியாயமா என்பதை மதிப்பிட இப்பாடம் தரும் நான்கு அளவுகோல்களைத் தொகுத்து, அவற்றைக்கொண்டு 1767ஆம் ஆண்டுப் போரைப் பற்றிய உமது முடிவைக் காரணங்களுடன் நிறுவுக.